நாற்பத்தொரு புழுக்களும் ஒரு சம்பந்தமும்

கொக்கூரணி எங்கே இருக்கிறது என்று கொக்கூரணிக்காரர்களைக் கேட்டால், விசாரித்துச் சொல்கிறோம் என்பார்கள். அப்படிப்பட்ட ஊர்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. அவர்களைக் கண்மாய்க் கரையில் நிறுத்தி, கண் முன்னாலேயே தூண்டிலில் விரால் பிடித்துக் குழம்பு வைக்க வேண்டும். மீன் சிக்காவிட்டால் சம்பந்தம் இல்லை. ஊர்த்தலைவர் ஒச்சப்பனின் மகள் செவந்திக்கு இப்படியே இரண்டு இடம் தட்டிப் போய்விட்டது. மூன்றாவதாக அய்யாவு என்பவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மழை பெய்து மண்புழுக்கள் வெளியே வந்தன. நாற்பத்தொன்று பிடித்தார்கள். ஞாயிறு வரை அதுகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி? பக்கத்து ஊரில் தூண்டில் கடை வைத்திருக்கும் காதரிடம் போய்க் கேட்டார்கள்.

“ஈரமண்ணுல போட்டு இருட்டா வைங்க. நெருக்கமா வைக்காதீங்க. செத்தது இருந்தா உடனே எடுத்துப் போட்டுருங்க. அம்புட்டுத்தான்” என்றார் காதர்.

அம்புட்டுத்தான் என்று விட்டுவிட முடியுமா? ஊர் திரும்பியதும் புழுப் பராமரிப்புக் குழு அமைத்தார்கள். ஒச்சப்பன் தலைவர். ஏதோ ஓர் அலுவலக வாசலில் ஆறு மாதம் மனுவோடு நின்ற அனுபவம் இருந்ததால் சப்பாணி செயலாளர். மொக்கராசு உறுப்பினர், சேர்க்காவிட்டால் அழுவார்.

நெருக்கம் கூடாது என்பதால் புழுவுக்கு ஒரு பாத்திரம் என்று தீர்மானம் போட்டார்கள். ஊரிலிருந்த சட்டி பானையெல்லாம் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று நாளும் ஊரே அவல் தின்றது. சாவடியின் கதவு ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தார்கள்.

அப்போதுதான் மொக்கராசு கேட்டார். “செத்ததை எடுக்கணும்னா உள்ள போய்ப் பாக்கணுமே. விளக்கு கொண்டு போனா இருட்டு கெட்டுப் போகாதா?”

குழு அரை நாள் யோசித்தது.

“கண்ணை மூடிக்கிட்டா எப்படி இருக்கும்?” என்றார் சப்பாணி.

“இருட்டா இருக்கும்.”

“அப்ப கண்ணை மூடிக்கிட்டுப் போவோம்.”

“சட்டியில கால் இடறுனா?”

“அதுக்குத்தான் கையில டார்ச் லைட்டு.”

வேளைக்கொரு தடவை சப்பாணி டார்ச்சை அடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி உள்ளே போய் வந்தார். வந்ததும் நோட்டில் எழுதினார்: ‘நேரில் பார்வையிட்டேன். அனைவரும் நலம்.’

அவர் பார்த்த லட்சணத்துக்கு, எல்லாப் புழுக்களும் பிழைத்திருந்தது அதிசயம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டிகளைக் கரையில் வரிசையாக வைத்தார்கள். அய்யாவு தன் ஆட்களோடு வந்து நின்றார். ஒச்சப்பன் முதல் புழுவை முள்ளில் கோத்தார். அது துடித்து அடங்கியது.

“செத்துருச்சு!” என்றார் மொக்கராசு.

“உடனே எடுத்துப் போடுங்க!” என்று சப்பாணி கத்தினார். எடுத்துப் போட்டார்கள்.

இரண்டாவதைக் கோத்தார்கள். அதுவும் செத்தது. அதையும் எடுத்துப் போட்டார்கள். குழு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. உச்சி வெயிலுக்குள் நாற்பத்தொரு சட்டியும் காலி. தூண்டில் முள் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.

“விரால் எங்கங்க?” என்றார் அய்யாவு.

ஒச்சப்பன் காலிச் சட்டிகளைப் பார்த்தார். மகளை நினைத்தால் அழுகையாக வந்தது. இருந்தாலும் தலைவராயிற்றே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாயைக் காட்டினார்.

“உள்ளதான் இருக்கு சம்பந்தி. எல்லாமே உசுரோட இருக்கு. ஒண்ணுகூடச் சாகவிடல.”

அய்யாவு கரையோரம் குனிந்து தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“எங்க ஊர்க்காரனுக்கு இந்தக் கைப்பக்குவம் வராதுங்க. நாங்க புடிச்ச மீனெல்லாம் குழம்பு கொதிக்கிறதுக்குள்ள செத்துப் போயிருது” என்றவர், மகன் பக்கம் திரும்பினார். “டேய், இந்த வீட்டுப் பொண்ணத்தான் நீ கட்டுற!”