சேம்பாறை வங்கிக்கு ஒரு கேள்வி

வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அன்வர்தீனுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். அத்தனையும் பெரிய வங்கிகளோடுதான். ஐம்பத்தொரு வயதில் அவரைச் சிறு வங்கிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தலைமை அதிகாரி செங்கமலம். அவரைவிட ஆறு வயது இளையவர்.

முதல் நாளே அன்வர்தீன் சொல்லிவிட்டார். "எனக்குச் சின்ன வங்கி தெரியாது மேடம். நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும்."

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் மசியவில்லை. சிறு வங்கிகளுக்கான விதிகளைக் குறைக்க செங்கமலம் ஒரு கோப்பு தயாரித்திருந்தார். அன்வர்தீனும் கையெழுத்துப் போட்டால்தான் அது மேலே போகும். இரண்டு மாதமாக அவர் மேஜையிலேயே கிடந்தது.

"சின்ன வங்கியில போட்டாலும் அது ஒருத்தர் சம்பாதிச்ச காசுதானே, மேடம்? அந்த வங்கிகளுக்கு மட்டும் ஏன் சலுகை?"

செங்கமலம் வாதம் செய்யவில்லை. "நாளைக்குக் காலையில மலைக்குப் போகணும். கூட வாங்க" என்றார்.

சேம்பாறை மலையூர். பூண்டு விளைகிற பூமி. கூட்டுறவு வங்கியில் இருந்தது இரண்டே பேர், செயலாளர் பரிபூரணமும் ஒரு காசாளரும். வங்கியைப் பெரிய வங்கி ஒன்றோடு இணைத்துவிடும்படி பரிபூரணமே கடிதம் எழுதியிருந்தார். இணைத்தால் கிளை மூடப்படும். அப்புறம் ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் மலையிறங்கித்தான் போக வேண்டும்.

கவுண்டரில் ஓர் அட்டை தொங்கியது: 'அறிக்கை வேலை நடக்கிறது. வியாழன்வரை பணம் எடுக்க, போட இயலாது.'

"மன்னிச்சிருங்க" என்றார் பரிபூரணம். "உங்க ஆபீஸுக்கு அனுப்புற அரையாண்டு அறிக்கை, நூத்தி அறுபத்திரண்டு பக்கம். இதையும் கவுண்டரையும் சேத்துப் பாக்க முடியல. அதனாலதான் அந்த லெட்டர் எழுதினேன்."

செங்கமலம் அந்த அறிக்கைப் படிவத்தை எடுத்து அன்வர்தீனிடம் கொடுத்தார். "நீங்க படிங்க சார். அவங்க பதில் சொல்லட்டும்."

அன்வர்தீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வெளிநாட்டுக் கிளைகள் எத்தனை?"

"இல்லைங்க."

"அந்நியச் செலாவணி வர்த்தகம்?"

"இல்லைங்க."

"துணை நிறுவனங்கள்?"

"அதுவும் இல்லைங்க சார்."

பரிபூரணம் ஒவ்வொரு 'இல்லை'யையும் ஏதோ தப்புச் செய்தவர் போலச் சொன்னார். நாற்பதாவது பக்கத்தில் அன்வர்தீனின் குரல் இறங்கிப்போயிற்று. அதற்குள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், அட்டையைப் படித்தாள், திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து, அதே அட்டையை மறுபடியும் படித்தாள்.

அறுபதாவது பக்கத்தில் அன்வர்தீன் படிவத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியையும் கழற்றினார்.

செங்கமலம் தன் நாற்காலியைப் பரிபூரணத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த வங்கிய நெனச்சா உங்களுக்கு எது கவலையா இருக்கு?"

பரிபூரணம் அவரையே பார்த்தார்.

"எல்லாருமே பூண்டுக்குத்தாம்மா கடன் வாங்கியிருக்காங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன். ஒரு வருசம் பூண்டு விலை விழுந்தா ஊரே சேந்து விழும். ஜாமீன் போட்டவங்களும் எந்திரிக்க முடியாது. மூணு வருசமா எனக்கு இதே நெனப்புதான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலைங்களே."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செங்கமலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்வர்தீன் மீதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் பூண்டு இல்லை. ஒரே பயிரை நம்பி எத்தனை கடன் நிற்கிறது என்ற கேள்வியும் இல்லை.

எழுந்து போய், கவுண்டரில் தொங்கிய அட்டையைக் கழற்றினார். "அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்று காசாளரிடம் சொன்னார்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே கோப்பில் கையெழுத்துப் போட்டார். புதுப் படிவத்தையும் அவரே எழுதினார். நாலே பக்கம். செங்கமலம் பரிபூரணத்திடம் கேட்டதுதான் அதில் முதல் கேள்வி. பரிபூரணம் தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வருடம் சேம்பாறையில் கறவை மாட்டுக்கும் பீன்ஸுக்கும் கடன் கொடுத்தார்கள்.

படிவம் அச்சுக்குப் போன அன்று அன்வர்தீன் செங்கமலத்தின் அறைக்கு வந்தார். பழைய படிவம் கையில் இருந்தது.

"கேக்கலாமான்னு தெரியல மேடம். வேண்டாத கேள்வியா இவ்வளவு அடுக்கி, வேண்டிய ஒண்ண விட்டுட்டாங்க. யார் எழுதினது இது?"

"நான்தான்."

அன்வர்தீன் சட்டென்று படிவத்தை மடித்துக்கொண்டார். செங்கமலம் கையை நீட்டி அதை வாங்கி, மடிப்பை மெல்ல நீவிவிட்டார்.

"முகம் தெரியாதவங்களுக்கு எழுதினேன், சார். அதான் அவ்வளவு எழுதிட்டேன்."