காணாமற்போன அறுபது தகடுகள்

அலுமினியத்தில் துளைபோடும் அந்தக் கிறீச்சொலி, இத்தனை வருஷம் கழித்தும் வசுந்தராவின் காதில் இருக்கிறது. நான்கு நாள் பல்லைக் கூசவைத்துவிட்டு, ஐந்தாம் நாள் சட்டென்று நின்றது. இவ்வளவு சீக்கிரமா முடித்துவிட்டார்கள் என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஆறு மாடிக் கண்ணாடி அலுவலகம் ஒன்றுக்கு அவள் நிர்வாகி. வடக்கும் தெற்கும் சுவர். முகப்பு, சாலையைப் பார்த்து மேற்கே. பின்புறம் கிழக்கே உப்பங்கழி. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பிற்பகலில் சாய்ந்த வெயில் முகப்புக் கண்ணாடி வழியே உள்ளே நீளும். திரை போட்டால் வெளிச்சம் நிற்கும், ஆனால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். அதனால் கண்ணாடிக்கு வெளியிலேயே, நெட்டுக்குத்தாக நிழல் தகடுகள் பொருத்துவதென்று முடிவாயிற்று. மாடிக்கு இருபது, மொத்தம் நூற்றிருபது.

தகடுகள் வந்து இறங்கிய வாரம், மேற்பார்வையாளர் சுடலைமுத்து நாங்குநேரியில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். பொருத்த வந்த மண்ணடி ஜாபரிடம் போனிலேயே விவரம் சொல்லிவிட்டார்.

ஒலி நின்ற அன்று வசுந்தரா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேல் மூன்று மாடிகளில் தகடுகள். கீழ் மூன்றும் வெறுங்கண்ணாடி. எண்ணினாள். அறுபது.

இரண்டாம் மாடிப் பெண்கள் வெக்கை தாங்காமல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து வேறொரு புகார்: கழியைப் பார்த்த கூட்ட அறையில் காலையிலேயே விளக்குப் போடவேண்டியிருக்கிறதாம். அதை அவள் ஓரமாக வைத்தாள்.

சுடலைமுத்து ஊரிலிருந்து வந்ததும் மூவரைத் தனித்தனியே அழைத்தாள்.

"மேலப்பக்கந்தான் மாட்டணும், ஒரு தகடு மிஞ்சப்படாதுன்னு சொன்னேன் மேடம்," என்றார் அவர். "பாதிய ஏன் விட்டாருன்னு எனக்கே விளங்கல."

"மேல்பக்கம் மாட்டச் சொன்னாரு, மாட்டிட்டேன். ஒண்ணும் மிச்சமில்ல," என்றார் ஜாபர்.

"நான் எண்ணிட்டேன். அறுபதுதான் இருக்கு."

"ஒரே எடத்துல நின்னு எண்ணினா எப்படி மேடம்? ஒரு சுத்து வந்து எண்ணுங்க."

கிண்டல் என்று அவளுக்குச் சுருக்கென்றது. போகச் சொல்லிவிட்டாள்.

காவலாளி தாமோதரன் பட்டாளத்தில் இருந்தவர். "ஒரு ஆணிகூட கேட்டைத் தாண்டல. தாண்டியிருந்தா என் மீசைய எடுத்துக்குங்க," என்றார்.

மேலப்பக்கம், மேல்பக்கம். இருவரும் பாடம் ஒப்பிப்பதுபோல் அதையே சொல்கிறார்கள். பேசிவைத்துக்கொள்ளாமல் இப்படி ஒத்துப்போகுமா? மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பொருள் வந்த வாரம் பார்த்து சுடலைமுத்து ஊருக்குப் போனதே தந்திரமாக இருக்கலாம். தகடுகளை எடுத்தது யாரென்று திங்கட்கிழமைக்குள் தலைமை அலுவலகம் ஒரு பெயர் கேட்டிருந்தது. பெயர் போனால் வேலை போகும். வசுந்தரா சுடலைமுத்துவின் பெயரை எழுதி அனுப்பினாள்.

நீங்களே சொல்லுங்கள்: மூவரில் பொய் சொன்னவர் யார்? மீதி அறுபது தகடுகள் எங்கே போயின?

விடை: யாரும் பொய் சொல்லவில்லை. சுடலைமுத்துவின் ஊர்ப் பேச்சில் மேலப்பக்கம் என்றால் மேற்கு. மண்ணடிக்காரர் காதில் அது மேல்மாடிகள் என்று விழுந்தது. முகப்பின் மேல் மூன்று மாடிகளில் அறுபதை மாட்டியவர், மிஞ்சக்கூடாது என்றதால் மற்ற அறுபதைப் பின்புறத்து மேல் மூன்று மாடிகளில் மாட்டிவிட்டார். கூட்ட அறை இருண்டது அதனால்தான். தவறு செய்தவர், கட்டடத்தை ஒரு சுற்று வராதவர்.

வசுந்தரா செவ்வாய்க்கிழமைதான் சுற்றி வந்தாள். அன்றே இரண்டாவது கடிதம் எழுதினாள். சுடலைமுத்துவைத் திரும்ப அழைத்தார்கள். அவர் வரவில்லை; வள்ளியூரில் ஒரு சிமென்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.