மஞ்சக்காலி கத்திய இடம்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், அந்தக் கோடைக்கு ஒரே ஒரு மடுதான் மிஞ்சியிருந்தது. அதையும் செந்நாய்கள் பிடித்துக்கொண்டன. மொத்தம் இருபது. தலைவன் பெயர் செம்பட்டையன். தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு குட்டியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம்.

பத்து நாள் பொறுத்த காடு, பதினோராம் நாள் எழுந்தது. காட்டுப்பன்றிகளும் முள்ளம்பன்றிகளும் காட்டெருதுகளும் மான்களும் சேர்ந்து புரட்சிப்படை அமைத்தன. கரும்பிடரி என்ற காட்டுப்பன்றி தளபதி ஆனான்.

"நேராகப் போவோம், முட்டுவோம்," என்றான் கரும்பிடரி.

நேராகத்தான் போனார்கள். மடுவை ஒட்டிய சரளைத் திட்டில், திறந்த வெளியில், செந்நாய்கள் பயந்ததுபோல் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. படை உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமும் வளைத்துக்கொண்டன. நண்பகலில் மூங்கில் நிழலுக்குத் திரும்பியபோது படையில் காயம் படாத உடம்பே இல்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நடந்து வந்தாள். மஞ்சள் நிறத்தில் நீண்ட கால்கள். பெயரும் மஞ்சக்காலி.

சரளைத் திட்டின் மறுகோடியில், கூழாங்கற்களுக்கு நடுவே அவளுக்கு நான்கு முட்டைகள் இருந்தன. வெயில் ஏறினால் மடுவில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள்மேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் முட்டைக்குள் குஞ்சு வெந்துவிடும். முந்தாநாளிலிருந்து செந்நாய்கள் கரையிலேயே படுத்துக்கிடந்தன. இறகை நனைத்து இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாளைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏன் தோற்றீர்கள் என்று மேலிருந்து பார்த்தேன்," என்றாள்.

"நாங்கள் பக்கத்திலிருந்தே பார்த்தோம்," என்றான் கரும்பிடரி, கிழிந்த காதை மண்ணில் தேய்த்தபடி.

"விரிந்து சுற்றிக்கொள்ள இடம் இருந்தால் அந்த இருபது பேர் நாற்பது பேர். ஒருவன் பின் ஒருவனாக வரவைத்தால் இருபது பேரும் ஒருவன்தான். கிழக்கே வறண்ட ஓடை இருக்கிறது. இரண்டு பன்றிகள் சேர்ந்து நிற்க முடியாத அகலம்."

"அதற்குள் அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? விருந்து என்று சொல்லி அழைக்கப்போகிறாயா?"

"நான் கத்தினால் வருவார்கள்."

அடிபட்ட வலியிலும் படை சிரித்தது. முள்ளம்பன்றிகளின் தலைவி கூராயி சிரித்ததில் முட்களெல்லாம் கலகலத்தன. "அடி மஞ்சக்காலி, உன்னைப் படையில் சேர்த்தால் நாம் எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று மூன்று காட்டுக்குக் கேட்குமே."

மஞ்சக்காலி சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "ஆள்காட்டி எங்கே நின்று கத்துவாள்?"

"கூடு இல்லாத இடத்தில்," என்றது ஒரு தாய்மான். "தேடி வருகிறவனைத் திசைதிருப்பத்தானே கத்துகிறீர்கள்? எல்லாருக்கும் தெரியும்."

"செம்பட்டையனுக்கும் தெரியும். போன கோடையில் ஒடிந்த சிறகைப்போல் தரையில் இழுத்துக் காட்டி, அவனை ஈச்சம்புதர் வரை கூட்டிக்கொண்டு போனேன். முகமெல்லாம் முள்ளோடு திரும்பினான். அவன் கூட்டமே சிரித்தது. அதை அவன் மறக்கவில்லை. அதனால் நாளைக் காலையில், குட்டிகளை எங்கே ஒளித்துவைக்கிறோமோ அங்கேயே நின்று கத்தப்போகிறேன்."

படை அவளை நெருங்கி வந்து நின்றது. அவள் தொடர்ந்தாள்:

"இன்று மாலை குட்டிகளை ஓடைக்குள் நடத்திப் போங்கள். மணலில் காலடி பதியட்டும். இருட்டிய பிறகு தடம் விழாதபடி பாறைமேலேயே நடத்தி, சரளைத் திட்டின் மறுகோடியில் உள்ள புல்லுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். படை முழுவதும் ஓடைக்கரையில் இருக்கும். குட்டிகளுக்குக் காவல் நிற்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். என் கூச்சல்தான் காவல். இந்தக் காட்டில் செம்பட்டையன் தேடிப்பார்க்காத இடம் ஒன்று உண்டென்றால், அது நான் கத்தும் இடம்."

தாய்மான் முன்னால் வந்தது. "அவன் யோசிக்காமல் சத்தம் வந்த பக்கமே வந்துவிட்டால்?"

"யோசிப்பான். அதில்தான் அவனுக்குப் பெருமை."

"வந்துவிட்டால்?"

"உன் குட்டிக்கு ஓரடி தள்ளி என் முட்டைகள் இருக்கின்றன. நான் அவற்றின்மேல் நின்றுதான் கத்துவேன். எங்கள் குலத்தில் இதுவரை யாரும் அப்படி நின்றதில்லை."

தாய்மான் தன் குட்டியை நக்கி, ஓடைப்பக்கம் மெல்லத் தள்ளியது.

கரும்பிடரி எழுந்தான். "தளபதி நான். ஆனால் வியூகம் வகுப்பது இனி நீ. சொல்லு, நான் எங்கே நிற்க?"

"கரைமேல் படுத்திருங்கள் தளபதியாரே. நான் கத்துவதை நிறுத்தும்வரை அசையக் கூடாது."

"நிறுத்தும்வரையா? நீ நிறுத்தி நான் கேட்டதே இல்லையே."

"நாளைக்குக் கேட்பீர்கள். கூராயி அக்கா, ஓடையின் மேல்முனையை உங்கள் கூட்டம் அடைக்கட்டும். வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காட்டெருதுகள் பின்னாலேயே வந்து கீழ்முனையை அடைக்கட்டும்."

"முதுகு என்று யார் சொன்னது?" என்றாள் கூராயி. "சண்டையென்று வந்தால் எங்களுக்கு அதுதான் முகம்."

மறுநாள் பொழுது புலர்ந்ததும் மஞ்சக்காலி தன் முட்டைகளுக்கு மேலே கால்களை அகட்டி நின்று கத்தத் தொடங்கினாள். தொண்டையிலிருந்து வழக்கமான கூச்சல்தான் வந்தது. கால்கள் மட்டும் பறந்து விலகிப்போ, விலகிப்போ என்றன. அவள் கால்விரல்களைச் சரளையில் ஊன்றிக்கொண்டாள்.

செந்நாய்கள் கரையிலிருந்து எழுந்தன. செம்பட்டையன் முன்னால் வந்தான். முப்பது அடி. இருபது அடி. ஓடைக்குப் போகும் காலடிகளை மோந்தான். மூக்கைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"தலைவரே, சத்தம் அங்கிருந்து வருகிறது," என்றது ஓர் இளம் செந்நாய். "ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?"

"போன கோடையில் நீ பால் குடித்துக்கொண்டிருந்தாய்," என்றான் செம்பட்டையன். "இவள் கத்தும் இடத்தில் கல்லைத் தவிர ஒன்றும் இருக்காது."

இளம் செந்நாய் அதைக் கேட்டும் இரண்டு அடி எடுத்து வைத்தது. புல்லுக்குள் ஒரு குட்டியின் காது ஈயை விரட்ட அசைந்தது.

மஞ்சக்காலி சிறகை விரித்துத் தரையில் சரித்தாள். ஒடிந்தது போலவே இழுத்தாள். ஆனால் இருந்த இடத்தை விட்டு ஓரடிகூட நகரவில்லை. முட்டைகளைச் சுற்றிச் சுற்றியே இழுத்தாள்.

செம்பட்டையன் சிரித்துவிட்டான். "பார், பார். அதே சிறகு, அதே நொண்டல். என்னிடமே பழைய சரக்கை விற்கிறாள். குட்டிகள் ஓடைக்குள் இருக்கின்றன. வாடா இந்தப் பக்கம்."

இளம் செந்நாய் திரும்பியது. இருபது செந்நாய்களும் ஒன்றின் பின் ஒன்றாக ஓடைக்குள் இறங்கின. மஞ்சக்காலி கத்திக்கொண்டே எண்ணினாள். கடைசி வாலும் உள்ளே போயிற்று. காட்டெருதுகள் புதரிலிருந்து வெளிவந்து கீழ்முனையில் நின்றன.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்படி ஓர் அமைதியை அந்தக் காடு அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த கணம் இரண்டு கரையிலிருந்தும் காட்டுப்பன்றிகள் பாய்ந்தன. முன்னால் ஓடிய செந்நாய்கள் முட்களில் போய் மோதின. பின்னால் திரும்பியவை கொம்புகளில் மோதின. விரிவதற்கு இடம் இல்லை, வளைப்பதற்கும் இடம் இல்லை. வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. உயிர் தப்பியவை கரையேறி மலைக்கு அப்பால் ஓடின. கடைசியாக ஓடியவன் செம்பட்டையன். அவன் மூக்கில் குத்தியிருந்தவை ஈச்ச முள்ளைவிட நீளமாக இருந்தன.

புரட்சிப்படை மடுக்கரைக்கு வந்து நின்றது. எல்லாருக்கும் தாகம். ஆனால் ஒருவரும் குனியவில்லை. மஞ்சக்காலி நடந்து வந்தபோது காட்டெருதுகள் விலகி வழிவிட்டன. அவள் தலையை நிமிர்த்தி நடுவே நடந்துபோய்த் தண்ணீரில் இறங்கினாள். வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டு உடனே திரும்பினாள்.

"குடிக்கவில்லையா?" என்றான் கரும்பிடரி.

"முதலில் அவர்கள்," என்று சொல்லிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் திட்டை நோக்கி ஓடினாள். அதன் பிறகுதான் படை தண்ணீரில் வாய் வைத்தது.

ஆறாம் நாள் நான்கு முட்டைகளும் பொரிந்தன. அதுவரை அந்தப் பக்கமாக மடுவுக்குப் போனவர்கள் முட்டைகளை மிதித்துவிடாமல் சுற்றிப் போனார்கள். குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோன பிறகும் யாரும் நேராகப் போகவில்லை. அந்தத் தடம் சரளைத் திட்டருகே இப்போதும் வளைந்துதான் போகிறது.

நீதி: உன்னை முழுதாக அறிந்துவிட்டதாகப் பகைவன் எங்கே நம்புகிறானோ, அங்கேதான் நீ அவனை வெல்ல முடியும்.