காட்டுக்கு ஓர் அளவு

ஏழுசுனை என்ற ஒரு காட்டில், அந்தக் கோடையில் ஒரு சுனையிலும் நீர் இல்லை. தண்ணீர் தேடிப் போன புள்ளிமான் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தது.

"கிழக்கே நேராகப் போங்கள். ஐந்நூறு தாவலில் ஓர் ஓடை இருக்கிறது!"

முயல் தன் குட்டிகளை அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டது. ஐந்நூறு தாவல் தாவியது. அங்கே வெறும் பாறைதான் இருந்தது. "மான் ஏமாற்றிவிட்டதே!" என்று கலங்கி வேறு பக்கம் திரும்பியது. வெயில் தாங்காமல் குட்டிகள் சுருண்டு விழுந்தன. அவ்வழியே வந்த யானை அவற்றை முதுகில் ஏற்றி ஓடைக்குக் கொண்டுபோயிராவிட்டால், ஒன்றுகூடப் பிழைத்திருக்காது.

மறுநாள் சிங்கராஜா எல்லா மிருகங்களையும் கூட்டியது.

"நான் ஏமாற்றவில்லை. என் தாவலில் ஐந்நூறுதான்," என்று மான் அழுதது.

"நானும் ஐந்நூறுதான் தாவினேன்," என்றது முயல்.

சிங்கம் யோசித்தது. "இருவர்மீதும் குற்றமில்லை. ஆளுக்கோர் அளவு வைத்திருப்பதுதான் குற்றம். இனி எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும்."

நரி முந்திக்கொண்டது. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அரசே? தங்கள் காலடியே காட்டுக்கு அளவு!"

எல்லா மிருகங்களும் தலையாட்டின. முயல் மட்டும் ஆட்டவில்லை.

"அரசே, கோபிக்கக் கூடாது. பசித்தபோதும் உண்டபோதும் உங்கள் காலடி ஒன்றாகவா இருக்கும்?"

ஆனால் சிங்கம் உறுமவில்லை. எழுந்து, ஆலமரத்திலிருந்து பாறைவரை எண்ணியபடியே நடந்தது. போய் இரை தின்றுவிட்டு வந்து, மீண்டும் நடந்தது. வயிறு கனத்ததால் அடி குறுகி, எண்ணிக்கை கூடிவிட்டது.

"பாறை கொஞ்சம் நகர்ந்திருக்கும், அரசே!" என்றது நரி.

சிங்கம் வாய்விட்டுச் சிரித்தது. "பாறை நகரவில்லை, நரியாரே. மாறியது நான்தான். ஒரே நாளில் என் காலடி இப்படி மாறினால், நான் கிழவனானபின் காடே வழிதவறிப் போகும். பசிக்காத, களைக்காத ஒன்றைச் சொல்லுங்கள்!"

"காய்ந்த மூங்கில்!" என்றது யானை.

சொன்னதோடு நிற்காமல் ஒரு மூங்கிலை ஒடித்தும் வந்தது. ஓடைவரை அதை முனைக்கு முனை தரையில் வைத்து அளந்தது. நூறு மூங்கிலுக்கு ஓர் இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, மரங்கொத்தி அடிமரத்தில் குழி கொத்திவைத்தது.

"இதைச் 'சிங்க அளவு' என்று அழைக்கலாமா?" என்று நரி குழைந்தது.

"மூங்கில் என்றே சொல்லுங்கள்," என்றது சிங்கம்.

காடே தண்ணீருக்குப் புறப்பட்டது. ஆமைகூட வழிதவறவில்லை. முயல் குழிகளை எண்ணிக்கொண்டே முன்னால் போயிற்று.

"இன்னும் எத்தனை மூங்கில், முயலாரே?" என்று பின்னாலிருந்து சிங்கம் கேட்டது.

"முந்நூறு, அரசே."

"சரி, நடப்போம்," என்றது சிங்கம்.

நீதி: தானும் கட்டுப்படும் அளவையே நல்ல தலைவன் பிறருக்கு வைப்பான்.