ஓரெழுத்துகூட மாறாது

கல்லூரிகளுக்கிடையிலான கபடிப் போட்டிக்குச் செயலாளர் வைரவசுந்தரம் வைத்ததுதான் சட்டம். அவர் கல்லூரிக்கு எப்போதும் சாயங்கால ஆட்டம். வெயிலில் ஆடி மயங்கி விழுவதெல்லாம் சின்னக் கல்லூரிகள்.

"இந்தத் தடவை எவனும் குறை சொல்லாதபடி அட்டவணை அடிச்சுக் கொண்டா," என்று தட்டச்சர் பிலோமினாவை விரட்டினார்.

அவள் அடித்ததில் கல்லூரிப் பெயரே இல்லை; அ, ஆ, இ, ஈ மட்டும். 'அ'வுக்குச் சாயங்காலம். 'ஈ'க்கு உச்சிவெயிலில் ஒரே நாளில் மூன்று ஆட்டம்.

இதென்ன கூத்து என்று குழம்பினார். 'அ' நாம்தானே, வேறு யார்? முதல்வர்கள் கூட்டத்தில், "இதுதான் நியாயம், ஓரெழுத்துகூட மாறாது!" என்று கையெழுத்துப் போட்டார்.

"சரி சார். எந்த எழுத்து யாருக்குன்னு சீட்டு எடுங்க," என்று டப்பாவை நீட்டினாள் பிலோமினா.

ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். ஈ.

"ஒரே நாள்ல மூணு ஆட்டமா? அநியாயம்!"

"அதையும் கூட்டக் குறிப்புல அடிச்சிடட்டுமா, சார்?"