நடுத்தட்டில் ஒரு புகார்

ஏரல் கடைத்தெருவில் தவசிக்கனியின் மளிகைக் கடை இருந்தது. அந்த வியாழக்கிழமை அதன் நடுத்தட்டில் வேலையில் இருந்தவர்கள்: ஊதுபத்தி பதினாறு பாக்கெட், கற்பூரம் ஒன்பது டப்பா, சந்தன சோப்பு இருபத்து மூன்று, பெருங்காயம் ஏழு டப்பி, தேயிலை பன்னிரண்டு பொட்டலம். ஆக அறுபத்தேழு பேர். வகைக்கு ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

அவர்களில் மூத்தவர் ஊதுபத்தி. கடை திறந்த நாள் முதல் அவர் வகை அந்தத் தட்டில்தான் இருந்தது. அன்று காலை அருள்மணி டீச்சர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, வாய் பிரித்த தேயிலைப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்ததை அவரும் பார்த்தார்.

"தவசிக்கனி, இது டீயா, தீபாராதனையா? ஒரு மடக்குக்கு மேல இறங்கல."

"மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். இந்த மாசத்துல இது மூணாவது ஆளு. கடைசி சனிக்கிழமை வண்டி வரும். மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருதேன். இனிமே தேயிலையே வைக்கப் போறதில்ல."

திரும்பிப் போகும் தேயிலையை யாரும் மறுபடி விற்பதில்லை. குப்பையில்தான் கொட்டுவார்கள். தட்டில் எல்லோருக்கும் அது தெரியும். கடைசி சனிக்கிழமைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தவசிக்கனி சாப்பிடப் போனதும் தேயிலை தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"குறை சொல்லுதேன்னு நினைக்காதீங்க. வாசம் தாங்கல. எனக்கு மூச்சு முட்டுது."

 எல்லோர் கண்ணும் பெருங்காயத்தின் பக்கம் போனது.

"பாக்கத்தான் செய்வீக," என்றது பெருங்காயம். "நாத்தம்னு ஒத்துக்கிட்ட ஆளு நான் ஒருத்தன்தானே."

"கொஞ்ச நாள் கீழ்த்தட்டுல இரும் வே," என்றார் ஊதுபத்தி. குரலில் கோபமில்லை. "புள்ள கஷ்டப்படுதுல்ல."

பெருங்காயம் ஏழு டப்பியும் உப்பு மூட்டைக்குப் பின்னால் இறங்கின. அது விட்டுப்போன நெடியை விரட்டச் சந்தன சோப்பு தன் காகிதத்தைக் கொஞ்சம் நெகிழ்த்திக்கொண்டது. ஊதுபத்தி, தேயிலைக்கு நல்லது செய்கிற நினைப்பில், அவள் பக்கமாகவே நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஒரு பெண் தேயிலையை எடுத்து முகர்ந்தாள். "ஐயோ, பூஜை ரூம் வாசம்லா அடிக்கி!" என்று வைத்துவிட்டுப் போனாள்.

கேட்டதும் ஊதுபத்திக்கு முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

"தாயி, அப்ப நானா?"

தேயிலை மெல்லத் தலையாட்டினாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்துதான் சொன்னேன் மாமா. நீங்க எல்லாரும் காயத்தைப் பாத்தீங்க."

"முப்பத்தோரு வருஷமா இங்க இருக்கோம். ஒருத்தர் ஒரு சொல்லு சொன்னதில்ல."

"அப்ப வாசல்ல கதவு இல்லியே மாமா."

அவருக்கு அந்த வாசல் நினைவுக்கு வந்தது. ஒன்பது பலகை. காலையில் வரிசையாகக் கழற்றிச் சுவரில் சாத்துவார்கள். ஆற்றுக் காற்று நேரே உள்ளே வந்து, மிளகாய் மூட்டையைத் தொட்டு, கருப்பட்டிச் சிப்பத்தைச் சுற்றி, அவரையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள். எத்தனை பேர் நின்றார்கள் என்று அவர் எண்ணுவார். நாற்பதுக்குக் குறைந்ததில்லை. புதுச்சாலைப் புழுதிக்காகக் கண்ணாடிக் கதவு வந்த பிறகு யாரும் நிற்கவில்லை. வாசம் வெளியே போகவில்லை என்பதை மட்டும் அவர் எண்ணாமல் விட்டிருந்தார்.

"எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றது சோப்பு. "காலி பிஸ்கட் டின் கிடக்கு. தாங்காதவளை உள்ள போகச் சொல்லுங்க. ஒருத்திக்காக நாம எல்லாரும் மணக்காம இருக்க முடியுமா?"

கற்பூரம் தலையாட்டியது. ஊதுபத்தியும் தலையாட்டப் பார்த்தார். ஆனால் மூடிய டின்னுக்குள் போனால், அவள் ஏற்கெனவே இழுத்த வாசம் எந்த வழியாக வெளியேறும்?

"டின்னுக்கு நான் போறேன்," என்றார்.

"உள்ள போனா ஆளு இருக்கதே தெரியாதே பெரியவரே! மோந்து பாத்துத்தானே உங்களை வாங்குதாக?" என்றது சோப்பு.

"தெரியும். காயத்தை மேல கூப்பிடுங்க. நான் அவரு மொகத்துல முழிக்க வேண்டாமா?"

பெருங்காயம் ஏறி வந்தது. "உப்புக்குப் பொறத்தால காத்து நல்லாத்தான் இருந்துது. உம்ம வாடைதான் இல்ல," என்று சிரித்தது. ஊதுபத்தி பதினாறும் டின்னுக்குள் இறங்கியதும் டின் மூடியை அதுவே அழுத்தி மூடியது.

பதினைந்து நாள் தேயிலை மெல்ல மெல்ல மூச்சு விட்டாள். கடைசி சனிக்கிழமை வண்டி வாசலில் நின்றபோது, தவசிக்கனி ஒரு பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தார்.

"இது இருக்கட்டும்ப்பா," என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத் தட்டிலேயே வைத்தார். அன்று சாயங்காலம் அருள்மணி டீச்சர் ஒன்று வாங்கிப் போனார்.

டின்னுக்குள் ஊதுபத்திக்கு அது எதுவும் தெரியாது. மூடி விழுந்த முதல் நாளே தன் வாசத்தை முழுசாக அவர் முதல் தடவையாக முகர்ந்திருந்தார். தலை கனத்தது. மூச்சு முட்டியது. வெளியே போக வழி தேடிச் சுவரெல்லாம் தடவினார். இத்தனை வருஷமாகத் தெருவுக்குக் கொடுத்தது இதுதானா, அல்லது காற்றுச் சேர்ந்ததால்தான் அது மணமாக இருந்ததா என்று அவருக்குப் புரியவில்லை. தேடிக் கேட்டவர்களுக்காக மூடி இரண்டு முறை திறந்தது. இரண்டு முறையும் அவர் இருமினார்.

அந்த மாதம் விற்றது இரண்டு பாக்கெட். மீதி பதினான்கு.