வகுப்பு வாசலில் நின்றவர்கள்

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்தச் சிறையில் எழுத்தராக இருந்த ஒருவர் சொல்லிக் கேட்டது. அவர் சொன்னதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

சிறைக் கண்காணிப்பாளர் வேதமாணிக்கத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. புதன்தோறும் கைதிகளுக்கு வகுப்பெடுக்க வரும் பர்வீனுக்கு அவர் மகள் வயது. கோபம் வந்ததும் மனதில் என்ன ஓடுகிறது என்று பிடித்துப் பார்க்கச் சொல்லித்தரும் வகுப்பு. "அவங்க குரு, நான் சீடன்" என்று வேதமாணிக்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம் காவலர்களுக்கும் இதில் பயிற்சி தரப் பணம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அது திரும்பிப் போய்விடும். பேனாவைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பர்வீனைப் பார்த்து மூடினார்.

"தப்பு செஞ்சவன் கைதி. பாடம் காவலருக்கா, குருவே? நீங்களே இன்னொரு நாளும் வந்துடுங்களேன்."

"வகுப்பு வாசல்ல காவலுக்கு நிக்கிறவரை ஏன் சார் வாரா வாரம் மாத்துறீங்க?"

"ஒரே ஆள் நின்னா கைதிங்களோட ஒட்டிக்குவான். இங்க அதான் வழக்கம்."

பர்வீன் எழுந்தார். "வாங்க சார், சாப்பாட்டு வரிசையைப் பாத்துட்டு வருவோம்."

அங்கே தினமும் ஏதாவது நடக்கும். அன்று காசிநாதன் என்ற கைதியின் சட்டையில் பின்னால் நின்றவன் சாம்பாரைக் கொட்டிவிட்டான். காசிநாதன் கையை ஓங்கிவிட்டான். மறுநாள் அவனுக்குப் பரோல், தங்கைக்குக் கல்யாணம். ஓங்கிய கை விழுந்தால் பரோல் போச்சு.

மூன்று காவலர்கள் ஓடிவந்தார்கள்.

"மூச்சை இழு!" என்றார் முதல் வாரம் வாசலில் நின்று மூச்சுப் பாடத்தை மட்டும் கேட்டிருந்த துரைப்பாண்டி. "இழு, இன்னும் இழு!"

"மனசுல ஓடுறதை எழுதுடா, எழுதிப் பாரு!" என்றார் நான்காம் வாரம் நின்ற கபிரியேல்.

"கை குடு, ரெண்டு பேரும் கை குடுங்க!" என்றார் கடைசி வாரம் நின்றவர்.

காசிநாதன் ஓங்கிய கையோடு திரும்பினான். மூச்சை இழுத்துப் பிடித்ததில் முகம் சிவந்திருந்தது. "துரைப்பாண்டி ஐயா, எவ்வளவு நேரம்தான் இழுக்கிறது? விட வேணாமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

"ஐயா, கை குடுக்கிறது கடைசிப் பாடம்" என்று வரிசையிலிருந்து ஒரு கைதி கத்தினான். "முதல்ல, என்ன நினைச்சேன்னு அவனைக் கேளுங்க."

"சரி, என்னடா நினைச்சே?" என்றார் கபிரியேல்.

"வேணும்னே கொட்டினான்னு நினைச்சேன்."

"தட்டு சுட்டுச்சுண்ணே" என்றான் கொட்டியவன்.

காசிநாதனின் கை இறங்கியது, தன் தலையையே சொறிந்துகொள்ள.

வேதமாணிக்கம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் சிரித்தார்.

"பாத்தீங்களா குருவே! கைதிங்களே நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. அப்புறம் தனியா பயிற்சி எதுக்கு?"

"காசிநாதன் கையை ஓங்கிக்கிட்டே நம்ம ஆளுங்களுக்குப் பாடம் நடத்தினான், சார். எல்லாக் கைதிங்களும் அடிக்காம அவ்வளவு நேரம் கையைத் தூக்கி வெச்சிருப்பாங்களா?"

வேதமாணிக்கம் மறுபடி பேனாவைத் திறந்தார்.

பயிற்சி நடந்ததா என்று அந்த எழுத்தரிடமே விசாரித்தேன். நடந்திருக்கிறது. பதினொரு நாள், முப்பத்திரண்டு காவலர்கள். வருகைப் பதிவேட்டில் முப்பத்து மூன்றாவதாக வேதமாணிக்கத்தின் கையெழுத்து இருக்கிறது. பதினொரு நாளும் வந்திருக்கிறார். ஒரு நாள் மட்டும் தாமதம்.